தானமாய்ப் போன சப்பாத்து

வான் வண்டியின் பின் இருக்கையில் இருந்த பிள்ளை சப்பாத்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சப்பாத்து இல்லை. கபில நிறத்தில் ஆண்கள் போடும் செருப்பு ஒரு சோடி, ஒன்பதாம் இலக்கம், புது றப்பர் மணத்தோடு கிடந்தது.

அப்போது நாங்கள் மல்லாகம் சந்தியைத் தாண்டியிருந்தோம். நேரம் பன்னிரண்டு இருக்கும். நாலு மணிக்கு நகரத்தில் பள்ளிக்கூடங்களின் கூடைப்பந்து இறுதிப் போட்டி. அவள்தான் அணித் தலைவி.

“மாமா, இது என்ரை இல்லை” என்றாள்.

முன் இருக்கையில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய பெட்டி எங்கே போயிருக்கும் என்று அந்த வானில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மணித்தியாலத்துக்கு முன் கீரிமலையில் என் கையாலேயே அதைத் தானத்துக்கு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

யார் எவர்

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். என் கதைகளில் யார் எவர் என்று பிடிபடுவதற்குள் பாதிக் கட்டுரை முடிந்துவிடுகிறதாம். நியாயமான குறைதான். இந்த முறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். ஒரே கல்லூரியில் ஒரே கூடைப்பந்து அணியில் ஆடியவர்கள். குகன் புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்தவன். பரமேஸ் கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரி. பலாப்பழமும் வாழைக்குலையும் ஏற்றுகிற அவனுடைய வானில்தான் எங்கள் பயணமெல்லாம். மூன்றாவது ஆள் நான், அன்ரன், குருநகரான். கடற்றொழில் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன்.

வருடத்தில் ஒரு நாள் இந்த இறுதிப் போட்டியைப் பார்க்க மூவரும் சேர்ந்து போவது வழக்கம். போவது என்றால் நேராகப் போவதில்லை. ஆட்டம் நடக்கும் இடம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனாலும் நான் விடியவே பஸ் எடுத்துக் கொடிகாமம் போவேன். அங்கிருந்து பரமேஸின் வானில் ஏறி, புத்தூரில் குகனையும் ஏற்றிக்கொண்டு, குடாநாட்டை ஒரு சுற்றுச் சுற்றுவோம். கண்ட கடையில் தேத்தண்ணி குடிப்போம். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய ஆட்டத்தில் யார் பந்தைக் கொடுக்காமல் கெடுத்தது என்று சண்டை பிடிப்போம். விசில் ஊதுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவோம். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போகும் இடத்துக்கு எட்டு மணித்தியாலம் பயணம் செய்கிற ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

குகனின் ஒரே மகள் ஆரணி, அந்தப் பெட்டியைத் திறந்தவள், பள்ளிக்கூட அணியில் சேர்ந்த பிறகு இந்தப் பயணத்துக்கு ஒரு பொறுப்பும் வந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து இறுதிப் போட்டிவரை வந்து தோற்றார்கள். இந்த வருடம் அவளுக்குக் கடைசி. இதோடு பள்ளிக்கூட வயது முடிகிறது.

இந்த வருடம் குகன் இல்லை. ஒரு மாதத்துக்கு முன், தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டான். பிறகு எழும்பவில்லை.

ஒரே நாளில் இரண்டு

இறுதிப் போட்டியும் குகனின் முப்பத்தோராம் நாளும் ஒரே நாளில் விழுந்தன. சைவ வீடுகளில் சாவுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, அன்றைக்குத்தான் கழியும். காலையில் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை, பிறகு கேணியில் முழுக்கு, மத்தியானம் வீட்டில் சனத்துக்குச் சாப்பாடு.

தகப்பன் செத்த வீட்டுப் பிள்ளை அரைக் காற்சட்டையோடு பந்துக்குப் பின்னால் ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்று குகனின் தமையனார் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. ஊர் சொல்வதற்கு முன் தான் சொல்லிவிட வேண்டும் என்ற பயம்.

பரமேஸ் சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவன். அந்தியேட்டி முடிந்து முழுகினால் துடக்குப் போய்விடும்தானே, அங்கிருந்தே நாங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம், வீட்டுக்கு வந்து போனால்தானே நாலு பேர் பார்ப்பார்கள் என்றான். தமையனார் ஓம் என்றார். குகனின் மனைவி கமலா, அன்றைக்குச் சமையலைப் பார்க்கத் தான் வீட்டில் நிற்பதாக மட்டும் சொன்னாள்.

இனிச் சப்பாத்து. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது. சாவதற்கு இரண்டு கிழமைக்கு முன் குகன் நகரத்தில் வாங்கியது. எங்கள் பகுதியில் புதிது எதையும் வெறும் நாளில் உடம்பில் போடமாட்டோம். பொங்கல், வருடப்பிறப்பு, எங்கள் கிறிஸ்தவப் பக்கத்தில் நத்தார் என்று நாள் பார்ப்போம். ஆரணிக்கு இறுதிப் போட்டிதான் அந்த நாள். அதற்குள் துடக்கு வந்துவிட்டது. துடக்கோடு புதிது போடுவதில்லை. ஆகவே அப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்ததை அவள் ஒரு நாள்கூடக் காலில் மாட்டவில்லை.

பீப்பாய் வளையம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் மூவருக்கும் சேர்த்து அந்தக் காலத்தில் ஒரு சோடி சப்பாத்து இருந்ததில்லை. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடுதான் ஆட்டம். பின்னேரம் மூன்று மணிக்குப் பாதம் பொரியும். இடைவேளையில் குகன் வாளித் தண்ணீருக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு நிற்பான். வாளி ஒன்றுதான். வரிசையில் நின்று நாங்களும் அதற்குள் கால் வைப்போம்.

யுத்தம் கடுமையான ஒரு காலத்தில் வளையமும் உடைந்துபோனது. குகன் எங்கிருந்தோ ஒரு பழைய பீப்பாயின் இரும்பு வளையத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பனங்குற்றியில் அடித்தான். உண்மையான வளையத்தைவிட அது ஒரு சாண் பெரிது. எறிந்ததெல்லாம் விழுந்தது. நாங்கள் பெரிய வீரர்கள் என்று நினைத்துக்கொண்டோம். பிறகு சரியான வளையத்தில் ஆடப் போனபோது ஒன்றும் விழவில்லை. தன் குறி பிழைத்துப்போனதற்குக் குகன்தான் காரணம் என்று பரமேஸ் இன்றைக்கும் சொல்வான். செத்த வீட்டிலும் சொன்னான். சொல்லிவிட்டுத்தான் அழுதான்.

வெறுங்காலோடு ஆடிய தகப்பன் மகளுக்கு எப்படிப்பட்ட சப்பாத்து வாங்கியிருப்பான் என்று நான் எழுதத் தேவையில்லை. கடையில் அவன் அரைநாள் நின்றதாகக் கமலா சொன்னாள்.

ஆர்வக் கோளாறு

கீரிமலையில் அன்று காற்று அதிகம். கற்பூரம் நின்று எரியவில்லை. தமையனாரின் மகன் ஈர வேட்டியோடு இருந்து கிரியை செய்தான். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். எங்கே நிற்பது, எப்போது கும்பிடுவது என்று தெரியாமல் வானடியில் நின்றேன். அப்படி நிற்கிறபோது, ஏதாவது ஒரு வேலை தந்தால் நல்லது என்று மனம் அந்தரப்படும்.

அந்தியேட்டியில் இறந்தவருக்காகக் குருக்களுக்குத் தானம் கொடுப்பார்கள். வேட்டி, குடை, செம்பு, செருப்பு. செத்தவர் போகிற வழியில் வெயிலும் முள்ளும் சுடுமணலும் இருக்குமாம். இங்கே கொடுத்தது அங்கே அவருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. எல்லாவற்றையும் பாயில் எடுத்து வைத்தபோது செருப்பைக் காணவில்லை. வானுக்குள் பெட்டி இருக்கிறது, யாராவது எடுத்து வாருங்கள் என்று தமையனார் சொன்னார்.

யாராவது என்றது எனக்குப் போதும். ஓடினேன். வானுக்குள் இரண்டு பெட்டி இருந்தன. ஒரே கடை, ஒரே நிறம், ஒரே அளவு. மேலே இருந்ததை எடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. தானத்துக்குக் கொடுக்கும் பொருளை வேதக்காரன் நான் திறந்து அளையக் கூடாது என்று ஒரு மரியாதை.

குருக்கள் பெட்டியின்மேல் எள்ளும் தண்ணீரும் விட்டு மந்திரம் சொன்னார். குகனின் பெயரைச் சொல்லி அது கைமாறியது. ஆரணி அந்த நேரம் பெண்கள் பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தாள். குகனுக்கு என் கையாலும் ஒரு காரியம் செய்தாயிற்று என்று எனக்கு மனம் குளிர்ந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். வேதக்காரன் பிடித்தால் குரங்காவது வந்ததே என்று பரமேஸ் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறான்.

தெல்லிப்பழையில்

நடந்ததை வானுக்குள் ஒப்புக்கொண்டேன். பரமேஸ் என்னைப் பார்க்காமலே வானைத் திருப்பினான். இதிலே யோசிக்க ஒன்றுமில்லை, செருப்பைக் கொடுத்துச் சப்பாத்தை வாங்குவதுதான் என்றான். போய்ச் சேருவது, சேராமல் விடுவது எல்லாம் மனுஷர் கட்டின கதை என்று தன் வழக்கமான பிரசங்கத்தையும் தொடங்கினான்.

ஆரணி ஈரத் தலைமுடியைத் துவாயால் சுற்றிக்கொண்டு பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.

“தண்ணி விட்டுக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டா அப்பா வெறுங்காலோடையோ போவார்?”

பரமேஸின் பிரசங்கம் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் செத்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுப்போம். அவர் காலுக்கு என்ன போட்டுக்கொண்டு போகிறார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

குருக்களைத் தெல்லிப்பழையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் பிடித்தோம். மோட்டார் சைக்கிளின் பின்னால் குடையும் மூட்டையுமாகக் கட்டியிருந்தது. நாற்பது வயது மதிக்கலாம். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெள்ளையும் சிவப்பும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார்.

“எனக்கு உது என்னத்துக்கு? கொண்டு போங்கோ, பிள்ளை விளையாடட்டும்” என்றார்.

தமையனார் கேட்டிருந்தால் தாரை வார்த்ததைத் திருப்பி வாங்குவதோ என்று குதித்திருப்பார். குருக்கள் பாவம், சுலபமாக முடித்துவிட்டார். பரமேஸ் கையை நீட்டினான். ஆரணி வானிலிருந்து இறங்கி வந்தாள்.

“ஐயா, நீங்கள் தண்ணி விட்டுக் குடுத்தது அப்பாவுக்குப் போய்ச் சேருமோ?”

அவர் அவளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சேரும் எண்டு சொல்லித்தான் குடுக்கிறம், பிள்ளை.”

“அப்ப அது இருக்கட்டும்” என்றாள் ஆரணி. பிறகு தன் கையில் இருந்த பெட்டியையும் நீட்டினாள். “இதையும் எடுங்கோ. அது அப்பாவின்ரை காலுக்குக் காணாது, சின்னன்.”

அவர் இரண்டையும் வாங்கி மூட்டையோடு சேர்த்துக் கட்டினார். பரமேஸ் வானுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினான். ஆரணி பௌதிகத்திலும் கணிதத்திலும் முதலாவதாக வருகிற பிள்ளை. கோயிலில்கூட அவசரமாகத்தான் கும்பிடுவாள். நம்பித்தான் அப்படிச் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

சாக்கூசி

வேறு வழி, வீட்டில் கிடந்த பழைய சப்பாத்துதான். ஆகவே போகக் கூடாது என்று பேசி முடித்த புத்தூருக்கே போக வேண்டி வந்தது. சுன்னாகத்தில் திரும்பி, பரமேஸ் வெங்காய லொறிகளை முந்திக்கொண்டு ஓட்டினான்.

வீட்டு முற்றத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. எழுபது, எண்பது பேர் இருக்கும். தமையனார் வாசலில் நின்றார். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. வந்து சாப்பிடச் சொன்னார்.

ஆரணி சமையல் நடந்த குசினிப் பக்கம் போனாள். நான் பின்னால் போய்க் கமலாவிடம் நடந்ததைச் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன். அவள் அறைக்குள் போய்ப் பழைய சப்பாத்தோடு வந்தாள். இரண்டிலும் முன்பக்கத்து அடி வாய் பிளந்து கிடந்தது.

வெங்காயச் சாக்குத் தைக்கிற பெரிய ஊசியும் நைலோன் நூலும் அந்த வீட்டில் எப்போதும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும். கமலா குசினிப் படியில் இருந்து தைக்கத் தொடங்கினாள். சோற்றுக் கடகத்தோடு போன பெண்கள் அவளைச் சுற்றிப் போனார்கள். ஒன்றைத் தைத்து முடித்தபோது பரமேஸ் நேரத்தைப் பார்த்தான். இரண்டே முக்கால். மற்றதை எப்படியாவது கட்டிக்கொண்டு ஆடலாம் என்றேன்.

கமலா எழும்பினாள். ஊசி, நூல், தைக்காத சப்பாத்து எல்லாவற்றையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டாள்.

“வழியிலை தைக்கிறன். அங்கை பிரிஞ்சாலும் ஆரும் தைக்கத்தானே வேணும். நானும் வாறன், அண்ணை.”

குசினியிலிருந்து வானுக்குப் போவதற்குப் பந்திக்கு நடுவால்தான் வழி. அவள் நடந்தாள். நெற்றியில் வெறுமையாய்ப் பூசிய திருநீறு, வெளிறிய சேலை, கையில் மகளின் சப்பாத்து. முற்றத்தில் ஒரு இலையிலும் கை அசையவில்லை. புருஷன் செத்து முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்கு வந்த சனத்தை விட்டுவிட்டுப் பந்து விளையாட்டுப் பார்க்கப் போகிற ஒரு பெண்ணை அந்த முற்றம் அதுவரை கண்டதில்லை.

“கமலா, சனம் இருக்குது” என்றார் தமையனார்.

“எல்லாம் சமைச்சிருக்கு, அத்தான். நீங்கள் ஒருக்காப் பரிமாற விடுங்கோ.”

அவர் வாசலை விட்டு விலகினார்.

ஆட்டம்

விசிலுக்கு முன்னால் போய்விட்டோம். கமலா எங்கள் இருவருக்கும் நடுவே படிக்கட்டில் இருந்தாள். ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்தி வைத்திருந்தாள். மகள் ஆடி அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குகன்தான் எப்போதும் வருவான், அவளுக்கு வீட்டில் வேலை இருக்கும்.

முதல் பாதியில் ஆரணி நன்றாக ஆடினாள். எதிரணியில் இரண்டு பேர் அவளையே மறித்துக்கொண்டு திரிந்தார்கள். கமலா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

“இவ நல்லா விளையாடுறாவோ, அண்ணை?”

“ஓம் தங்கச்சி. நல்லா விளையாடுறா.”

“அவர் ஒவ்வொரு முறையும் வந்து சொல்லுறவர். நான் அடுப்படியிலை நிண்டு ஓம் ஓம் எண்டுறது. காது குடுத்துக் கேக்கேல்லை.”

நான் கச்சான் கடலை வாங்குகிற சாட்டில் எழும்பிப் போனேன்.

மூன்றாம் பகுதியில் இடது சப்பாத்தின் தையல் விட்டது. கமலா கூப்பிடுமுன்பே இறங்கிக் கோட்டடிக்குப் போய்விட்டாள். ஆரணி பயிற்றுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். கமலா நிலத்தில் குந்தியிருந்து தைத்தாள். எதிரணிப் பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தையல் ஆட்டம் முடியும்வரை விடவில்லை.

கடைசி நேரத்தில் இரண்டு புள்ளி பின்னுக்கு நின்றோம். ஆரணி வளையத்தடியில் எழும்பியபோது தள்ளி விழுத்தினார்கள். ஒன்றுக்கு ஒரு புள்ளியாக, நின்று எறிய இரண்டு பிறீ த்ரோ கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் இரு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். முதலாவது விழுந்தது. இரண்டாவது வளையத்தின் விளிம்பில் இரண்டு தரம் துள்ளிவிட்டு வெளியே வந்தது.

ஒரு புள்ளியால் தோற்றோம். ஆரணி எதிரணியோடு கை குலுக்கினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து வானில் ஏறினாள்.

திரும்பும்போது

பருத்தித்துறை வீதியால் புத்தூருக்குப் போனோம். கோப்பாய் தாண்டினோம். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள், ஈர மண் மணத்தது. நான் செய்த பிழைதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புதுச் சப்பாத்தாக இருந்தால் அந்தப் பந்து விழுந்திருக்குமோ என்று இன்றைக்கும் சில நாள் யோசிப்பேன்.

பின் இருக்கையில் கமலாதான் முதலில் வாய் திறந்தாள்.

“ஓடி ஓடி எறிஞ்சதுக்கெல்லாம் ரெண்டு ரெண்டாப் போட்டவை. நீ கடைசியா நிண்டு எறிஞ்சதுக்கு ஏன் ஒண்டு?”

“அதை ஒருத்தரும் மறிக்கமாட்டினம், அம்மா. தனிய நிண்டு எறியிறது. அதாலை ஒண்டு.”

“மறிக்க ஆளில்லாட்டி லேசெல்லோ?”

ஆரணி சப்பாத்தின் நூலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இல்லை அம்மா. மற்ற எல்லாரும் தங்கடை வேலையை விட்டிட்டு, எறியிற ஆளையே பாத்துக்கொண்டு நிப்பினம்.”

வான் புத்தூர்ப் பக்கம் திரும்பியது. வீட்டு வாசலில் இன்னமும் ஆட்கள் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது.

“ஓம்” என்றாள் கமலா. “அது எனக்குத் தெரியும்.”